கச்சையும் கல்வியும்

கறுப்புக் கச்சை என்னும் சொல் இந்நாளிற் பலர் வாயிலும் பயில்கின்றது. கொரிய நாட்டுப் போர்க்கலையாகிய டேக்வாண்டோவைச் சில காலம் பயின்ற சிறுவன் ஒருவன் அக்கச்சையை இடையிற் கட்டி நிற்பானாயின், காண்போர், ‘இவன் கலை முற்றக் கற்றான்’ என்று வியக்கின்றனர். பெற்றோர் நிழற்படம் எடுத்து நடுக்கூடத்தில் மாட்டுகின்றனர். பள்ளிக்கூடத்தார் ஆண்டு விழாவில் மேடையேற்றுகின்றனர். இவையெல்லாம் மகிழ்ச்சிக்குரியனவே. ஆயினும் அக்கச்சை எதனைக் குறிக்கின்றது, அதனை அளித்தவர் யாவர், எவ்வளவுகோல் கொண்டு அளந்து அளித்தனர் என்று வினவுவார் மிகச் சிலரே. அங்ஙனம் வினவாமையால் விளையுங் கேடு சிறிதன்று. அதுபற்றி எமக்குத் தோன்றியவற்றை இவ்விதழ் வாயிலாக அன்பர்கள் முன் வைக்கத் துணிந்தோம்.

தமிழிலக்கியம் பயிலும் எமக்குக் கொரியப் போர்க்கலையோடு என்ன தொடர்பு என்று நண்பர்கள் நகைக்கலாம். தொடர்பு எம் இல்லத்திலே தோன்றிற்று. சென்ற கோடை விடுமுறையில், பத்தாண்டு நிரம்பிய எம் தங்கை டேக்வாண்டோ பயில விரும்பினாள். எம் தந்தையார், “நல்ல இடமாகப் பார்த்துச் சொல்” என்று அப்பொறுப்பை எம்மிடம் விட்டனர். யாமும் தங்கையும் இரண்டு பயிற்சிக் கூடங்களுக்குச் சென்றோம். முதலாவது கூடத்தின் சுவரெல்லாம் வெற்றிக் கிண்ணங்கள். அங்கிருந்த பொறுப்பாளர் எம்மை இனிது வரவேற்று, “இரண்டே ஆண்டிற் கறுப்புக் கச்சை; அதற்கு நாங்கள் பொறுப்பு” என்றார்; இரண்டாண்டுக் கட்டணத்தையும் முன்னரே செலுத்தினாற் குறைத்துக்கொள்வதாகவுங் கூறினார். இரண்டாவது இடத்திற் கிண்ணங்கள் இல்லை. ஆசிரியர் எம்மை ஒரு விசிப்பலகையில் அமர்த்தி, “ஒரு மணி நேரம் பாருங்கள், பிறகு பேசுவோம்” என்று சொல்லிவிட்டுத் தம் மாணாக்கரிடம் போய்விட்டார். வகுப்பு முடிந்தபின் எம் தங்கையே, “கறுப்புக் கச்சை எப்போது கிடைக்கும், ஐயா?” என்று கேட்டாள். அவர் சிரித்து, “எனக்குத் தெரியாதம்மா. நீ வந்து பழகு, உன் கால் சொல்லும்” என்றார்.

அன்றிரவு எம் வீட்டில் வழக்குத் தொடங்கிற்று. அன்னையார் முதலிடத்தையே விரும்பினர். வீட்டிற்கு அண்மையது, பரிசுகள் நிறைந்தது, காலமும் உறுதியாயிற்று என்பது அவர்தம் கட்சி. தந்தையார் எம்மை நோக்கினர். எமக்கு இரண்டாவதே பிடித்திருந்தது. ஆனாற் காரணங் கூறத் தெரியவில்லை. காரணமின்றி ஒன்றை நன்றென்றல் கற்பார்க்கு அழகன்று. ஆதலின் சின்னாள் நூல்களைப் புரட்டியும் அறிந்தாரை வினவியும், இக்கலையின் தரங்களும் படிகளும் உண்டான வரலாற்றைத் தேடினோம்.

முதற்கண் எம்மை வியப்பித்த செய்தி, இப்படிமுறை கொரிய நாட்டிற் பிறந்ததன்று என்பதே. ‘டான்’ என்பது ஜப்பானியர் ‘கோ’ என்னும் காய் விளையாட்டில் வல்லோரைத் தரம் பிரித்தற்கு வழங்கிய முறை. ஜூடோக் கலையை வகுத்த கானோ ஜிகோரோ என்பார், 1882ஆம் ஆண்டில் டோக்கியோ நகரிற் கோடோகான் என்னும் பயிற்சிக் கூடத்தை நிறுவி, மறு ஆண்டிலே தம் மாணாக்கர் இருவர்க்கு முதல் டான் அளித்தார். ஒகினாவாத் தீவினின்று கராத்தேயை ஜப்பானியப் பெருநிலத்திற் பரப்பிய ஃபுனாகோஷி என்பார் அம்முறையைத் தழுவி, 1924ஆம் ஆண்டிலே தம் மாணாக்கர்க்கு டான் வழங்கினார். பல வண்ணக் கச்சைகளோ இன்னும் பிந்தியவை. 1930ஆம் ஆண்டுகளிற் பாரிஸ் நகரில் ஜூடோ கற்பித்த கவாய்ஷி என்பார் அவற்றைப் பெரிதும் பரப்பினார். ஆகவே, கச்சை என்பது தொன்றுதொட்டு வந்த மறைபொருள் அன்று. ஆசிரியர் தம் மாணாக்கரை வரிசைப்படுத்தற்பொருட்டு வகுத்துக்கொண்ட அண்மைக்கால ஏற்பாடேயாம்.

கொரிய நாடு 1910 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சியின்கீழ்க் கிடந்தது. அந்நாளில் ஜப்பானுக்குக் கல்விபற்றிச் சென்ற கொரிய இளைஞர் சிலர் ஆண்டுக் கராத்தே பயின்று மீண்டனர். அவருள் ஒருவராகிய லீ வான் குக் 1944ஆம் ஆண்டிற் சியோல் நகரிற் சுங் டோ குவான் என்னும் கூடத்தைத் தொடங்கினார். விடுதலைக்குப் பின்னர் ஹ்வாங் கீ என்பாரின் மூ டுக் குவான் முதலிய வேறு கூடங்களும் எழுந்தன. ‘குவான்’ என்பது கூடம் என்று பொருள்படும். அவற்றுள் ஒன்று எம்போன்றார் சிறப்பாக நோக்கத்தக்கது. 1903ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற சியோல் கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின்கண், 1946ஆம் ஆண்டில் யூன் பியுங் இன் என்பார் ஒரு போர்க்கலைப் பிரிவைத் தொடங்கிக் கற்பித்தார். நூலகமும் விளையாட்டும் நடத்திய அதே சங்கமே இக்கலைக்கும் நிழல் தந்தது.

அக்காலத்தில் ஒரு மாணாக்கனின் தகுதிக்குச் சான்று யாது? அவன் ஆசிரியரே சான்று. நாடோறும் அவனை வியர்க்கக் கண்ட கண்களே தேர்வாளர். ஆனால் 1950ஆம் ஆண்டு மூண்ட போர் மூன்றாண்டு நீடித்து அந்நாட்டைச் சிதைத்தது. யூன் பியுங் இன் அப்போர்க் காலத்தே தென்கொரியாவினின்று மறைந்தார், திரும்பிலர். அவர்தம் மாணாக்கர் சாங் மூ குவான் என்னும் பெயராற் பயிற்சியைத் தொடர்ந்தனர். கண்ட கண்கள் மறைந்துழி, தகுதிக்குச் சான்று பகர்வார் யாவர்? மேலும், கூடத்திற்கொரு முறையும் கூடத்திற்கொரு தரமுமாக இருந்தமையின், ஓரிடத்து இரண்டாம் டான் பெற்றான் மற்றோரிடத்து எப்படியில் நிற்றற்குரியன் என்பதில் ஓயாப் பூசல் விளைந்தது. இவ்விடர்ப்பாட்டினின்றே பொதுத் தரம் என்னும் வேட்கை பிறந்தது.

டேக்வாண்டோ என்னும் பெயர் 1955ஆம் ஆண்டிற் படைத்தலைவர் சோய் ஹாங் ஹி முதலியோரால் முன்வைக்கப்பெற்றது. 1961ஆம் ஆண்டிற் பல குவான்களை ஒன்றுகூட்டி ஒரு நாட்டுக் கழகம் அமைந்தது. 1965ஆம் ஆண்டில் அது டேக்வாண்டோக் கழகம் எனப் பெயர் பெற்றது. ஒற்றுமை நெடிது நில்லவில்லை. சோய் 1966ஆம் ஆண்டிற் பன்னாட்டு டேக்வாண்டோக் கூட்டமைப்பை நிறுவி, 1972ஆம் ஆண்டிற் கனடா நாட்டிற்குப் பெயர்ந்தார். அதே ஆண்டிற் சியோல் நகரிற் குக்கிவான் என்னும் தலைமைக் கூடம் திறக்கப்பெற்றது. 1973ஆம் ஆண்டில் உலக டேக்வாண்டோக் கூட்டமைப்புத் தோன்றிற்று. இதுவே இக்கலையை 1988ஆம் ஆண்டுச் சியோல் ஒலிம்பிக்கிற் காட்சி விளையாட்டாகவும், 2000ஆம் ஆண்டுச் சிட்னி ஒலிம்பிக்கிற் பதக்க விளையாட்டாகவும் ஏற்றியது. சோய் 2002ஆம் ஆண்டில் மறைந்த காலத்தையொட்டி அவர் கூட்டமைப்பும் பல பிரிவாயிற்று. ஹாப்கிடோ, டாங் சூ டோ முதலிய பிற கொரியக் கலைகட்கும் உலகம் முழுதும் ஒப்புக்கொண்ட ஒரே தலைமை இல்லை.

இவ்வரலாற்றை இத்துணை விரித்தது எற்றுக்கெனின், ‘கறுப்புக் கச்சை’ என்னும் ஒரு சொல்லால் நாம் குறிப்பது ஒரு பொருளன்று என்பதைக் காட்டற்கே. குக்கிவான் வழி நிற்பார் தொடக்கநிலையில் டேகுக் என்னும் எட்டு வடிவப் பயிற்சிகளைக் கற்பர். சோய் வழி நிற்பார்க்கு வடிவங்கள் 24. ஒரு நாளின் நாழிகைப் பகுப்பாகிய 24 மணியை அவ்வெண் குறிக்கும் என்பது அவர் கருத்து. ஹ்வாங் கீ வழியினரோ டான் பெற்றார்க்குக் கறுப்பை அளியாது கருநீலக் கச்சை அளித்தனர். கறுப்பு மேல் வேறு வண்ணம் ஏறாத முடிவைக் குறிக்கும், கல்விக்கோ முடிவில்லை என்பது அதற்குக் கூறப்படுங் காரணம். அளவுகோல் வேறாயவிடத்து எண்களை ஒப்பிடுதல் வீண். மரக்காலால் அளந்ததையும் முழக்கோலால் அளந்ததையும் ஒருங்குவைத்து எது மிகுதி என்பாருண்டோ?

இனிக் காலம்பற்றிய செய்தி. முதற் கூடத்தார் ‘இரண்டே ஆண்டு’ என்றமையே தவறு என்று யாம் முதலில் எண்ணியிருந்தோம். தேடியபின் அவ்வெண்ணம் பிழையெனக் கண்டோம். கொரிய நாட்டிலேயே ஓராண்டு, ஒன்றரை ஆண்டுப் பயிற்சியில் முதற் படி பெறுவார் பலர். 15 வயது நிரம்பாத சிறார்க்கு அது டான் எனப்படாது ‘பூம்’ எனப்படும். கச்சையும் பாதி சிவப்பு, பாதி கறுப்பாக இருக்கும். இத்துணை விரைவில் அளிப்பது ஏன்? அந்நாட்டார் முதல் டானைச் ‘சோடான்’ என்பர். ‘சோ’ என்பது தொடக்கம். தொடக்கப் படி என்பதே அதன் பொருள். எழுத்துகளைக் கற்றுச் சொற்களைக் கூட்டிப் படிக்கத் தெரிந்த சிறுவன் எந்நிலையினனோ, அந்நிலையினனே முதல் டான் பெற்றவனும். அவன் இனித்தான் நூலைத் திறக்கவேண்டும்.

அதன் மேலுள்ள படிகளை நோக்கின் இவ்வுண்மை விளங்கும். குக்கிவான் விதித்த முறையில், முதல் டானினின்று இரண்டாவதற்கு 1 ஆண்டு, மூன்றாவதற்கு மேலும் 2 ஆண்டு, நான்காவதற்கு 3, ஐந்தாவதற்கு 4, ஆறாவதற்கு 5, ஏழாவதற்கு 6, எட்டாவதற்கு 8, ஒன்பதாவதற்கு 9 எனக் குறைந்த அளவு கால இடையீடு உண்டு. கூட்டினால் 38 ஆண்டாகின்றது. முதல் டான் பெற்ற நாளில் வாயிற்படியில் நின்றவன், ஒன்பதாம் டானுக்கு உரியனாகும்போது தலை நரைத்திருப்பான்.

எனவே, பிழை விரைவில் அன்று. பொருள் மாற்றத்திலே உளது. பிறந்த நாட்டில் வாயிற்படியாக இருந்த ஒன்று, கடல் கடந்து வந்தபோது கோபுர உச்சியாகப் போற்றப்பட்டது. உச்சியெனப் போற்றப்பட்டபின், அதனை வாயிற்படியின் விலைக்கு விற்பார் தோன்றினர். படி எளிது, பெயர் பெரிது. இவ்விரண்டிற்கும் இடையிலுள்ள வெளியே வாணிகர் கடை விரிக்கும் இடம். ‘இரண்டாண்டு’ என்றது குற்றமன்று. ‘பொறுப்பு’ என்றதே குற்றம். தேறுவாரோ தேறாரோ என்னும் ஐயம் சிறிதும் இல்லாத தேர்வு தேர்வாகாது. அது தவணை முடிந்தபின் பொருளை ஒப்படைக்கும் சடங்கேயாம்.

‘அற்றேல், குக்கிவான் சான்றிதழ் உள்ள இடத்தைத் தேர்ந்தால் அமையாதோ?’ எனின், அது வேண்டும்; ஆனால் அது மட்டும் போதாது. டானுக்குக் கீழுள்ள ‘குப்’ என்னும் வண்ணப் படிகளை அந்தந்தக் கூடத்து ஆசிரியரே அளிக்கின்றனர். அவற்றிற்குச் சியோலின் மேற்பார்வை இல்லை. டான் பதிவிற்கும், பிற நாடுகளிற் பெரும்பாலும், உரிய படி பெற்ற ஆசிரியர் ஒருவரின் பரிந்துரையே அடிப்படை. ஆகவே அச்சான்றிதழ், இப்பெயரினர் இப்படியிற் பதிவு பெற்றுளர் என்பதனை உறுதிப்படுத்தும். அவர் கால் எத்துணைச் செவ்விதின் எழும் என்பதனை உறுதிப்படுத்துவது பரிந்துரைத்த ஆசிரியரின் மனச்சான்று ஒன்றே.

தலைமைக் கழகங்களே தம் அளவுகோலை வளைத்த நிகழ்ச்சிகளும் உள. உலகக் கூட்டமைப்பு 2013ஆம் ஆண்டில் உருசிய நாட்டுத் தலைவர் புதினுக்கு மதிப்புறு ஒன்பதாம் டான் அளித்தது. 2022ஆம் ஆண்டில் உக்ரேன் மீது படையெடுப்பு நிகழ்ந்தபின் அதனைத் திரும்பப் பெற்றது. குக்கிவான் 2021ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு முன்னைத் தலைவராக அப்போதிருந்த டிரம்பிற்கு மதிப்புறு ஒன்பதாம் டான் வழங்கியது. மதிப்புறு பட்டம் என்பது வேறு, உழைத்துப் பெற்ற பட்டம் என்பது வேறு என்று விளக்குவார் விளக்கலாம். ஆயினும் 38 ஆண்டு வியர்வை சிந்தி அதே எண்ணை எய்திய முதியவர் ஒருவர் அச்செய்தியைப் படித்தபோது அவர் நெஞ்சம் என்ன பாடுபட்டிருக்கும்! உயர்ந்தோர் செய்யும் சிறு நெகிழ்ச்சி தெருமுனைக் கூடத்தார்க்குப் பெரு வாயிலைத் திறந்துவிடுகின்றது.

எம் கொள்கைக்கு மாறாக இரண்டு தடைகள் கூறப்படும். சிறார்க்கு ஊக்கம் வேண்டும். அடிக்கடி வண்ணம் மாறினால் அவர் சோர்வின்றிப் பயில்வர் என்பது ஒன்று. ஆசிரியரும் உண்டு உடுத்து வாழவேண்டும்; வாடகை கொடுக்கவேண்டும்; தேர்வுக் கட்டணமும் கச்சையும் இல்லையேற் கூடம் மூடப்படும் என்பது மற்றொன்று. இரண்டும் மெய்யே. வண்ணக் கச்சைகள் தோன்றியதே ஊக்கத்தின்பொருட்டு என்பர். சிறு வெற்றிகளைச் சிறு வெற்றிகள் என்றே சொல்லி அளித்தல் நன்று. அதுபோல, தம் உழைப்பிற்கு உரிய ஊதியத்தை மாதக் கட்டணமாக வெளிப்படக் கேட்கும் ஆசிரியரை யாம் குறை கூறோம். இந்நாட்டில் நாம் பிழை செய்வது இவ்விடத்தேதான். கற்பிப்பதற்குக் கூலி கொடுக்க மனம் சுருங்குகின்றோம். கச்சைக்கு விலை கொடுக்க மனம் விரிகின்றோம். பிறகு, கச்சை விற்பார் பெருகிவிட்டனர் என்று வருந்துகின்றோம். வாங்குவார் இன்றி விற்பாருண்டோ?

இது வெறும் பெயர்ப் பெருமைபற்றிய வழக்காயின் யாம் இத்துணை எழுதியிரோம். போர்க்கலை உடலோடு தொடர்புடையது. தகுதியின்றிப் பட்டம் பெற்ற ஒருவன் மேடையிற் பிழைபடப் பேசினால் நாணத்தோடு போம். தகுதியின்றிக் கறுப்புக் கச்சை பெற்ற ஒரு பெண், இருண்ட தெருவில் ஒருவன் கையைப் பற்றியபோது, ஓடித் தப்பவேண்டிய நேரத்தில், தன் கச்சையை நம்பி நின்றுவிடுவாளாயின் என்னாகும்? பொய்த் துணிவு அச்சத்தினுங் கொடிது. அச்சம் எச்சரிக்கும், பொய்த் துணிவோ கண்ணைக் கட்டும். எம் தங்கையை எண்ணியபோது இவ்வொரு நினைவே எம்மை உறங்கவிடாது வருத்தியது.

ஆகலின், நல்ல கூடத்தைத் தேர்வார்க்குச் சில குறிகளை எம் சிற்றறிவிற்கு எட்டியவாறு கூறுவோம்.

முதலாவது, நோக்கத்தைத் தெளிக. போட்டியில் வெல்வதோ, உடல்நலமோ, தற்காப்போ, எது வேண்டும்? ஒலிம்பிக் முறைப் போட்டியிற் கையால் முகத்தில் குத்துதல் விதிக்கு மாறு. காலால் தலையில் உதைத்தல் விதிக்கு உடன்பாடு. அவ்விதிகட்கே பழகியவன் பதக்கம் பெறலாம்; தெருவில் விதி காப்பார் இலர். கிண்ணங்கள் நிறைந்த கூடம் போட்டிக்கு நல்லதாகலாம். அதனால் எல்லாவற்றிற்கும் நல்லதாகிவிடாது.

இரண்டாவது, ஒரு வகுப்பை முழுதும் இருந்து காண்க. அங்ஙனம் காணுங்கால் முதல் மாணாக்கனை நோக்கற்க. எக்கூடத்திலும் இயல்பாகவே வல்லான் ஒருவன் இருப்பான். அவனைத்தான் முன்னிறுத்திக் காட்டுவர். பச்சை, நீலக் கச்சையினராய் நடுவில் நிற்பாரை நோக்குக. ஒரே வண்ணத்தார் ஏறக்குறைய ஒரே திறத்தினராக இருக்கின்றனரா? கடைசி வரிசையிலுள்ள மெல்லியன்பால் ஆசிரியர் எத்தனை முறை செல்கின்றார்? கூடத்தின் தரம் கடைசி வரிசையிலே எழுதப்பட்டிருக்கின்றது.

மூன்றாவது, ‘இங்குத் தேர்விலே தவறினார் உண்டோ?’ என்று கேட்க. ‘ஒருவருமிலர்’ என்று பெருமையோடு விடை வருமாயின் வணக்கங் கூறி எழுந்துவிடுக.

நான்காவது, ஆசிரியர் யாரிடம் பயின்றார், எத்தலைமையின்கீழ் எப்படி பெற்றார் என்று பணிவோடு வினவுக. குக்கிவான் டானாயின் பதிவெண் உண்டு. அதனைச் சரிபார்த்தற்கும் வழி உண்டு. மெய்யாசிரியர் இவ்வினாவிற்குச் சினவார்.

ஐந்தாவது, கட்டணம், தேர்வுச் செலவு, உடை, காப்புக் கவசம் யாவற்றையும் முன்னரே எழுத்திற் காட்டுகின்றனரா என்று பார்க்க. பல்லாண்டுக் கட்டணத்தை ஒருங்கே கேட்பது ஐயுறற்பாலது.

ஆறாவது, சிறாரைப் பெரியாரோடு கவசமின்றி மோதவிடும் இடமும், வகுப்பு நடக்கும்போது பெற்றோர் உள்ளே வரலாகாது எனக் கதவடைக்கும் இடமும் எத்துணைப் புகழ் பெற்றனவாயினும் விலக்குக. இதில் இரக்கம் வேண்டா.

ஏழாவது, தம் கலையின் வரலாற்றை உள்ளவாறு உரைக்கின்றனரா என்று கேட்க. ‘ஈராயிரம் ஆண்டாக மாறாது வந்த கலை’ என்று சிலர் பறைசாற்றுவர். கொரிய நாட்டிற் பழைய கலைகள் இருந்தமை உண்மை. 1790ஆம் ஆண்டிற் சோங்ஜோ மன்னர் ஆணையால் மூயே டோபோ டோங்ஜி என்னும் போர்ப்பயிற்சி நூல் தொகுக்கப்பெற்றது. டேக்கியான் என்னும் பழைய காற்கலையை 1983ஆம் ஆண்டில் அந்நாட்டரசு பண்பாட்டுச் செல்வமாக அறிவித்தது. 2011ஆம் ஆண்டில் யுனெஸ்கோவும் ஏற்றது. ஆயினும் இன்று கூடங்களிற் பயிலும் டேக்வாண்டோ இருபதாம் நூற்றாண்டிற் பல ஊற்றுகள் கலந்து உருவாயது. அவ்வூற்றுகளுட் கராத்தே பெரியது. அதனைச் சொல்ல நாணுவார், தம் மாணாக்கனிடம், ‘நீ இன்னும் தேறவில்லை’ என்று சொல்லவும் நாணுவர். மெய் சொல்லும் பழக்கம் ஒன்றே. அது வரலாற்றிற்கு ஒன்றும் தேர்விற்கு ஒன்றுமாக இரண்டாகாது.

பொருட்பாலிலே ‘தெரிந்து தெளிதல்’ என ஓர் அதிகாரமே வகுத்தார் வள்ளுவர். ஆராயாது நம்புதலும், ஆராய்ந்தபின் ஐயுறுதலும் ஆகிய இரண்டும் நம்மவர்பால் உள்ள குறைகள். ஆராய்ந்து தெளிந்தபின் ஆசிரியரை முழுதும் நம்புதலும் வேண்டும். தங்கை மூன்று மாதமாகியும் வெள்ளைக் கச்சையிலேயே இருக்கின்றாள் என்று வாயிலில் நின்று முறையிடும் பெற்றோர், நல்லாசிரியரையும் வாணிகராக்கிவிடுவர்.

இக்கட்டுரையைப் படிக்குங் கல்லூரித் தோழர்களே! இது போர்க்கலை பயில்வார்க்கு மட்டும் உரியது என்று எண்ணற்க. நாமும் ஆண்டுதோறும் ஒரு வண்ணத்தை மாற்றிக்கொண்டே செல்கின்றோம். மூன்றாண்டு முடிவிற் கறுப்பு அங்கியும் அணிவோம். அப்பட்டம் யாது? நம் கல்வியின் முடிவா, சோடானா? தேர்விற்கு வரும் வினாக்களையே உருப்போட்டுப் பட்டம் பெற்று, பின் ஒரு நூலையும் திறவாதவன், கச்சை வாங்கிய மறுநாளே கூடத்தை மறந்தவனின் உடன்பிறப்பேயாவன். நமக்குக் குறைந்த மதிப்பெண் இட்ட ஆசிரியரைப் புறங்கூறுவதற்குமுன், அவர் நம்மை ஏமாற்ற மறுத்தார் என்பதை எண்ணிப் பார்ப்போமாக.

எம் வீட்டு வழக்கு எவ்வாறு முடிந்தது என்று அறிய விரும்புவார் இருப்பர். அன்னையாரும் ஒருநாள் மாலை எம்மோடு வந்து இரண்டாவது கூடத்தின் விசிப்பலகையில் அமர்ந்து கண்டனர். எழும்போது, “இவரிடமே விடுவோம்” என்றனர். தங்கை சேர்ந்து எட்டாந் திங்களில் ஒரு படித் தேர்விற்கு நின்றாள். ஆசிரியர் முடிவிலே அவளை அருகழைத்து, “இன்னும் இல்லையம்மா, இடக்கால் ஊன்றவில்லை” என்றார். அவள் வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தாள். அன்றிரவு உண்ணவும் மறுத்தாள். எமக்கும் அவ்வாசிரியர்மேற் சிறிது வருத்தம் தோன்றியது என்பதை ஒளியாது கூறுகின்றோம்.

மறுநாட் காலை யாம் எழுந்து முற்றத்திற்கு வந்தபோது, அங்கே அவள் பழைய கச்சையை இறுகக் கட்டி, சுவரிற் கைவையாது இடக்காலூன்றி நின்றுகொண்டிருந்தாள். எம்மைக் கண்டதும், “அண்ணா, எண்ணுங்கள்” என்றாள். எண்ணினோம். அவள் கால் சொல்லத் தொடங்கிவிட்டது.